பண்டிகைக் காலத்தில் லாட்ஜ் சகோதரர்களைக் கவனித்துக்கொள்வது எப்படி? அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ரீமேசன்கள் என்போர் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைக்கும் ஆண்களின் பழைய சங்கத்தினர். அதன் உள்ளூர்க் கிளைதான் லாட்ஜ், கிளையின் தலைவர் மாஸ்டர். அமெரிக்காவில் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜில் நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். தேங்க்ஸ்கிவிங், அடுத்த ஆண்டுக்கான பொறுப்பாளர் தேர்தல், கிறிஸ்துமஸ் விருந்து, சந்தா நோட்டீஸ், புதிய மாஸ்டரின் பதவியேற்பு. இந்த நெரிசலில் வந்தவர்களோடு கைகுலுக்கவே நேரம் சரியாக இருக்கும். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று பார்க்க ஆளிருக்காது.

வராதவர்கள் நிறையப் பேர். 1959-இல் அமெரிக்க ஃப்ரீமேசன்கள் சுமார் 41 லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மிச்சமிருப்பவர்களில் பலர் பல பத்தாண்டுகளுக்கு முன் சேர்ந்த முதியவர்கள். மனைவியை இழந்தவர்கள், பிள்ளைகள் வேறு மாநிலத்தில் இருப்பவர்கள், வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டவர்கள். பெயர்ப் புத்தகத்தில் 150 பேர் இருக்கும் லாட்ஜில் மாதக் கூட்டத்துக்கு 20 பேர் வந்தால், மீதி 130 பேர் எப்படி இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

"ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்வதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. கஷ்டத்தில் இருப்பவர் கூப்பிட மாட்டார். நாம்தான் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு என்றால் யாரும் போகப்போவதில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகிறது.

அமெரிக்க லாட்ஜுகளில் இருக்கும் தமிழ்ச் சகோதரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜுகளின் தலைமை அமைப்பு) இருப்பதால் விதிகள் மாறும். பணம், சந்தா தொடர்பான இடங்களில் உங்கள் மாநில விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: அக்டோபரிலேயே பொறுப்பாளரை முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்து லாட்ஜுகளில் அல்மோனர் என்று ஒரு பொறுப்பாளர் உண்டு. நோயாளிகள், முதியவர்கள், மறைந்த சகோதரர்களின் மனைவிமார் ஆகியோரோடு தொடர்பில் இருப்பதுதான் அவருடைய வேலை. அமெரிக்காவில் பல லாட்ஜுகளில் அந்தப் பதவி இல்லை. வேலை மாஸ்டர் தலையில் விழும், அல்லது பெயருக்கு ஒரு கமிட்டி இருக்கும்.

டிசம்பரில் இங்கேதான் சிக்கல். பல லாட்ஜுகளில் ஆண்டு இறுதியில் தேர்தல் நடக்கும். டிசம்பர் 27, புனித யோவான் திருநாளை ஒட்டிப் புதிய மாஸ்டர் பதவியேற்பார். பழைய மாஸ்டர் கணக்கு முடிப்பதில் இருப்பார். புதியவர் பதவியேற்பு விழாவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார். சகோதரர்களுக்கு அதிகமாகத் துணை தேவைப்படும் வாரங்களில் லாட்ஜுக்குத் தலைமையே பாதி இல்லாத நிலை.

அதனால் மாஸ்டர் பதவியை நோக்கி ஏணியில் ஏறிக்கொண்டிருப்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். ஒரு பாஸ்ட் மாஸ்டரிடம், அதாவது முன்னாள் மாஸ்டரிடம் கொடுங்கள். பதவி மாறினாலும் அவர் மாறமாட்டார், முதியவர்கள் எல்லோரையும் முகம் தெரியும். அவருக்குத் துணையாக, வண்டி ஓட்டவும் கணினியில் பட்டியல் வைத்துக்கொள்ளவும் கூடிய இளையவர் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். செக்ரட்டரியை மட்டும் விட்டுவிடுங்கள். டிசம்பரில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது சுறுசுறுப்பைவிட வாய்க்கட்டைப் பாருங்கள். ஒருவர் வீட்டில் கண்டதை விருந்து மேசையில் சொல்லிவிடுபவர் எவ்வளவு ஓடியாடி உழைத்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

படி 2: பட்டியல் போடுங்கள்

செக்ரட்டரியிடமிருந்து முழு உறுப்பினர் பட்டியலை வாங்குங்கள். கூடவே வருகைப் பதிவேட்டையும் வாங்குங்கள். அந்தப் பதிவேட்டில்தான் விஷயம் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் தவறாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு செப்டம்பருக்குப் பிறகு காணாமல் போனவர் யார்? அந்தப் பெயர்கள்தான் முதலில்.

இதற்குப் பல நேரங்களில் காரணம் மிக எளிது: இருட்டு. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா பக்கம் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கூட்டமோ இரவு ஏழுக்கு அல்லது ஏழரைக்கு. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் கூசும் வயதில் இருப்பவர் இரவில் ஓட்டப் பயப்படுவார். அதை வெளியில் சொல்லவும் மாட்டார், "கொஞ்சம் வேலை" என்று சொல்லிவிடுவார். "உங்களை அழைத்துவர 6:30-க்கு வந்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் போதும், மறு கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் சந்தா. பல லாட்ஜுகளில் ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. அதனால் நோட்டீஸ் சரியாகப் பண்டிகைச் செலவு நேரத்தில் வீட்டுக்குப் போகும். நாற்பது ஆண்டு தவறாமல் கட்டியவர் திடீரென்று கட்டவில்லை என்றால் அதை வெறும் பாக்கி என்று பார்க்காதீர்கள். வேலை போயிருக்கலாம். மருத்துவச் செலவு வந்திருக்கலாம். மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். வந்த தபாலைப் பிரிக்காமலே வைத்திருப்பார். இந்த மூன்றில் எதுவானாலும் இரண்டாவது நோட்டீஸ் அனுப்புவது தவறு. சந்தா கட்டாததற்காக ஒருவரை நீக்கும் முன் யாராவது ஒருவர் அவரிடம் நேரில் பேசியிருக்க வேண்டும். இதை லாட்ஜின் எழுதப்படாத விதியாகவே வைத்துக்கொள்ளலாம். கட்ட முடியாதவருக்குச் சந்தாவைத் தள்ளுபடி செய்யப் பெரும்பாலான இடங்களில் வழி இருக்கிறது.

ஆகப் பட்டியலில் வர வேண்டியவர்கள்:

- தனியாக வாழும் முதியவர்கள்
- இந்த ஆண்டு மனைவியையோ பிள்ளையையோ இழந்தவர்கள். அவர்களுக்கு இது முதல் கிறிஸ்துமஸ்
- மறைந்த சகோதரர்களின் மனைவிமார், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும்
- மருத்துவமனை, முதியோர் இல்லம், மறுவாழ்வு மையத்தில் இருப்பவர்கள்
- விவாகரத்து, வேலையிழப்பு என்று காதில் விழுந்தவர்கள்
- நோயாளியான மனைவியையோ பெற்றோரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்
- சந்தா பாக்கி உள்ளவர்கள்
- வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே உறவு யாரும் இல்லாத இளையவர்கள்

கடைசி வகையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் ஆட்களே அதில்தான் இருக்கிறார்கள். தீபாவளிக்கு அலுவலகத்தில் லீவு கிடையாது, தேங்க்ஸ்கிவிங்குக்கு நான்கு நாள் லீவு, ஊரே அடைத்துக் கிடக்கும், போக வீடு இருக்காது. முப்பது வயதில் திடமாக இருப்பவரை யாரும் தனிமையில் இருப்பவராக நினைப்பதில்லை.

பட்டியலில் பெயர், முகவரி, தொலைபேசி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர், கடைசியாகப் பேசிய தேதி, பொறுப்பாளர் பெயர் இவ்வளவு போதும். நோய் விவரம், பண விவரம் எதையும் எழுதி வைக்காதீர்கள். பட்டியலை வாட்ஸப் குழுவில் போடவே போடாதீர்கள்.

படி 3: பெயர்களைப் பிரித்துக் கொடுங்கள்

ஒருவருக்கு நான்கு அல்லது ஐந்து பெயர். அதற்கு மேல் கொடுத்தால் நடக்காது. முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களையே கொடுங்கள். பனி கொட்டும் நாளில் 40 மைல் ஓட்ட யாருக்கும் மனம் வராது. புதிதாகச் சேர்ந்த சகோதரரை ஒரு பழையவரோடு சேர்த்து அனுப்புவது நல்லது. சடங்குகளை மனப்பாடம் செய்வதைவிட லாட்ஜ் என்றால் என்ன என்பதை அந்த ஒரு மாலை அவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு வாரம் முன்பு முதல் சுற்றுத் தொலைபேசி அழைப்புகள் முடிந்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் தொடங்கினால் விருந்துக்கு அழைக்க நேரம் இருக்காது.

படி 4: தொலைபேசியில் எப்படிப் பேசுவது

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அமெரிக்கரானாலும் நம்மவரானாலும் அப்படித்தான். குறிப்பாகக் கேளுங்கள்.

"தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை யாரோடு சாப்பிடுகிறீர்கள்?" என்பது நல்ல கேள்வி. "மகன் வருகிறான்" என்றால் சரி. "பார்க்கலாம்", "வீட்டிலேயே ஏதாவது" என்று இழுத்தால் புரிந்துகொள்ளலாம். அடுத்த வாக்கியத்திலேயே அழைத்துவிட வேண்டும்: "எங்கள் வீட்டில் இரண்டு மணிக்கு. நானே வந்து கூட்டிப்போகிறேன், ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்." எப்போது திரும்பலாம் என்பதையும் சொல்வது முக்கியம். அடுத்தவர் வீட்டில் மாட்டிக்கொள்வோமோ என்ற தயக்கம் முதியவர்களுக்கு உண்டு.

மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். "அப்போ சாப்பாட்டைக் கொண்டுவந்து தருகிறேன், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்" என்று அடுத்த வாசலைத் திறந்து வையுங்கள்.

இன்னும் சில கேள்விகள் பயன்படும். ஹீட்டர் சரியாக ஓடுகிறதா? பனி விழுந்தால் வாசலை யார் சுத்தம் செய்கிறார்கள்? அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எப்போது, யார் அழைத்துப்போகிறார்கள்? முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. "அந்தக் கடிதங்களைப் பார்த்தீர்களா, யாராவது உதவ வேண்டுமா?" என்று கேட்டால் பேச்சு தானாக விரியும். ஆனால் எந்தத் திட்டம் நல்லது என்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கு இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது, அங்கே சேர்த்துவிட்டால் போதும்.

மோசடி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பேரன் சிறையில் இருக்கிறான், வரி பாக்கி இருக்கிறது என்று பயமுறுத்திப் பணத்தை கிஃப்ட் கார்டாகக் கேட்பார்கள். எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதில்லை. "அப்படி யாராவது கேட்டால் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி உங்கள் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். லாட்ஜின் பெயரைச் சொல்லிக்கூட ஏமாற்றுபவர்கள் வரலாம். அதனால் முன்பின் பழகாத சகோதரரை அனுப்புகிறீர்கள் என்றால் தெரிந்த ஒருவர் முதலில் பேசிவிட வேண்டும்.

மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லையா? வாசலுக்குப் போங்கள். தபால் பெட்டி நிரம்பியிருந்து, வண்டி நின்றபடியே நின்று, கதவைத் தட்டியும் பதில் இல்லை என்றால் உறவினரை அழையுங்கள். அவர்களும் கிடைக்காவிட்டால் உள்ளூர் போலீஸிடம் நலம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதற்குத் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைதான் அது.

படி 5: வீட்டுக்குப் போகும்போது

சொல்லாமல் போகாதீர்கள். முந்தின நாளே நேரம் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கே போங்கள். காத்திருப்பவருக்கு அரை மணித் தாமதம் மிக நீளம். இருமல், காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது, தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சில விஷயங்களைக் கவனிக்கலாம். வீடு குளிராக இருக்கிறதா? எடை குறைந்திருக்கிறாரா? பிரிக்காத கடிதங்கள் குவிந்திருக்கின்றனவா? ஒரே கதையை அரை மணிக்குள் இரண்டு முறை சொன்னாரா? எலக்ட்ரிக் ஹீட்டர் திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் அதற்கும் குறைந்தது 3 அடி இடைவெளி வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்து, புது பேட்டரி போட்டுக் கொடுத்தால் அதுவே அருமையான கிறிஸ்துமஸ் பரிசு. ஆனால் சோதனை போட வந்தவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டாம். ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக, கொண்டுபோன பாலை "நானே உள்ளே வைக்கட்டுமா?" என்று கேட்டால் பார்க்க வேண்டியது தெரிந்துவிடும்.

பரிசுக் கூடை பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எல்லோருக்கும் ஒரே கூடையை வாங்கி விநியோகிப்பது நமக்குத்தான் வசதி, வாங்குபவருக்கு அல்ல. பழக்கூடையில் கிரேப்ஃப்ரூட் இருக்கும். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்கள் அதை அதிகம் சாப்பிட்டால் மருந்து உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும். ஹாம் முழுக்க உப்பு, இதயம் பலவீனமானவருக்கு ஆகாது. யூதருக்கும் முஸ்லிமுக்கும் அது கூடவே கூடாது, நம்மில் பலர் சைவம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு டப்பா சாக்லேட் போகும். இவற்றுக்குப் பதில் பெயர் தெரிந்து, ஆள் தெரிந்து ஒன்று கொடுங்கள். சூப், நல்ல கம்பளிக் காலுறை, கையால் எழுதிய வாழ்த்து. அட்டையில் லாட்ஜ் முத்திரைக்குக் கீழே ஐந்தாறு பேர் கையெழுத்திட்டால் அது ஃபிரிட்ஜ் கதவில் மார்ச் வரை இருக்கும்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் பண்டிகை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஓர் இறைவனை நம்ப வேண்டும் என்பதுதான் மேசனுக்கு நிபந்தனை, எந்த மதம் என்பதல்ல. ஹனுக்கா கொண்டாடுபவரிடமும் தீபாவளி கொண்டாடுபவரிடமும் அந்தந்த நாளிலேயே பேசுங்கள். இதற்காகப் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாக வைத்தால் போதும்.

மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ இருப்பவரைப் பார்க்கப் போனால் நிற்காமல் நாற்காலியில் உட்காருங்கள். இருபது நிமிடம் போதும். மறதி நோய் இருந்தால் "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி, லாட்ஜ் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். நேற்றுச் சாப்பிட்டது மறந்தவருக்கும் இளமையில் மனப்பாடம் செய்த சடங்கு வரிகள் நினைவில் இருக்கக்கூடும். அவர் தொடங்கினால் நீங்களும் கூடச் சொல்லுங்கள், பக்கத்தில் வேறு யாரும் இல்லையென்றால். சடங்கு வரிகள் வெளியாருக்கு அல்லவே.

மறைந்த சகோதரர்களின் மனைவிமார்

இது தனியாகச் சொல்ல வேண்டியது. மேசனின் குடும்பத்தை, குறிப்பாக அவர் மனைவியையும் பிள்ளைகளையும் காப்பது தங்கள் கடமை என்று மேசன்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இறுதிச் சடங்கன்று வெள்ளை ஏப்ரன் அணிந்து வரிசையாக நிற்கிறோம். அதற்கடுத்த டிசம்பரில் அந்த வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கிறதா?

தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போகும்போது ஓர் ஆண் மட்டும் போகாமல், மனைவியோடு போவது அவருக்கும் இயல்பாக இருக்கும். மேசன்களோடு தொடர்புடைய ஈஸ்டர்ன் ஸ்டார் அமைப்பில் ஆண்களும் பெண்களும் உறுப்பினர். பக்கத்தில் அதன் கிளை இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு அழைத்தால் யாரோடு உட்காருவார் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். தெரிந்த முகம் இல்லாத மேசையில் அவரை உட்கார வைத்துவிட்டு நாம் மறுபுறம் சிரித்துக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார்.

கணவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். துக்கத்தைக் கிளறிவிடுவோமோ என்று எல்லோரும் அந்தப் பெயரைத் தவிர்த்துவிடுகிறார்கள். பல பெண்களுக்கு அதுதான் அதிக வலி. லாட்ஜில் அவர் செய்த ஒரு காரியத்தையோ, சொன்ன ஒரு வேடிக்கையையோ சொல்லுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும்.

கணவர் பார்த்துக்கொண்டிருந்த வேலைகள் என்று சில இருக்கும். வண்டியின் டயரில் காற்று, புகை அலாரம், வெளிக்குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் அடைத்து வைப்பது. ஒரு சனிக்கிழமை இரண்டு சகோதரர்கள் போனால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பணம் தேவைப்பட்டால்

இரகசியம்தான் இதில் எல்லாம். மாஸ்டர், பொறுப்பாளர், தேவைப்பட்டால் பொருளாளர், இந்த மூவரைத் தாண்டிப் பெயர் போகக்கூடாது. பல அமெரிக்க லாட்ஜுகளில் கூட்டத்தில் நோய், துயரம் பற்றிய அறிவிப்பு ஓர் அங்கம். யார் மருத்துவமனையில் இருக்கிறார் என்று அங்கே படிப்பார்கள். படிப்பதற்கு முன் அவருடைய அனுமதியை வாங்கியே தீர வேண்டும். பணப் பிரச்சினையை அங்கே சொல்லவே கூடாது.

பணத்தைக் கையில் கொடுப்பதைவிட பில்லை நேராகக் கட்டிவிடுவது இருவருக்கும் சங்கடம் குறைவு. ஹீட்டிங் எண்ணெய் வாங்கும் கம்பெனிக்கு, மின்சாரத்துக்கு, மருந்துக் கடைக்கு. லாட்ஜ் நிதி சிறியது என்றால் 211 என்ற எண்ணை அழைத்து அந்த ஊரில் என்னென்ன உதவி கிடைக்கும் என்று கேட்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களின் ஹீட்டிங் செலவுக்கு லைஹீப் (LIHEAP) என்ற மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது 100 டாலர் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. முதியவர்களுக்கான சேவைகளைத் தேட எல்டர்கேர் லொகேட்டர் என்ற தேசியச் சேவை உண்டு: 1-800-677-1116.

கிராண்ட் லாட்ஜ்களின் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் எலிசபெத்டவுன் ஊரில் உள்ள மேசானிக் வில்லேஜ் 1910 முதல் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறது. இம்மாதிரி இடங்களுக்கான விண்ணப்பத்தை டிசம்பரில் அவசரமாகத் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. தேவை வரும் என்று தெரிந்தால் கோடையிலேயே குடும்பத்தோடு பேசிவிடுங்கள்.

"நான் யாரிடமும் வாங்கியதில்லை" என்பார்கள். வாதாடாதீர்கள். "நாற்பது வருடம் இந்த நிதியில் நீங்கள் போட்டிருக்கிறீர்கள். அதிலிருந்துதான் வருகிறது" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

உடம்பும் மனமும்

ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரையான மாரடைப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாரடைப்பு வழக்கத்தைவிட 37 சதவீதம் கூடியிருந்தது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். பதற்றம், கோபம், துக்கம், அதிகச் சாப்பாடு, குடி என்று காரணங்கள் பேசப்படுகின்றன. விருந்து நடுவில் நெஞ்சு பாரமாக இருக்கிறது, வியர்க்கிறது என்று ஒரு சகோதரர் சொன்னால் "வாயுவா இருக்கும்" என்று சோடா கொடுக்காதீர்கள். அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

குடியை விட்டவர்களுக்கு இந்த மாதங்கள் கடினம். விருந்தில் மது உண்டென்றால் மது இல்லாத பானமும் அதே மேசையில், அதே மாதிரி கோப்பையில் இருக்கட்டும். டோஸ்ட் சொல்லும்போது யார் கோப்பையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம்.

டிசம்பரில் தற்கொலைகள் உச்சத்துக்குப் போகின்றன என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அமெரிக்கப் புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை. டிசம்பர் பெரும்பாலும் குறைவான மாதங்களில் ஒன்று, வசந்தத்திலும் கோடையிலும்தான் கூடுகிறது. பண்டிகை முடிந்ததும் நம் வேலையும் முடிந்தது என்று கையைக் கழுவிக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஆனாலும் எந்த மாதத்திலும் ஒருவர் "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற தொனியில் பேசினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் திடீரென்று கொடுக்கத் தொடங்கினாலோ, நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டவுடன் இறுக்கம் தளர்ந்து பேசத் தொடங்குபவர்களே அதிகம். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அவர் பக்கத்தில் இருந்தே அழையுங்கள். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் இந்த மூன்று இலக்க எண் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் அழைத்தவுடன் 1 அழுத்தினால் அவர்களுக்கான சேவைக்குப் போகும். லாட்ஜ்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய இருப்பதால் இதைத் தெரிந்து வைத்திருங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால், கொஞ்ச நாளைக்கு வேறிடத்தில் வைக்கக் குடும்பத்தோடு பேசுங்கள்.

இங்கே மட்டும் இரகசியம் காப்பதற்கு இடமில்லை. உயிர் ஆபத்தில் இருக்கும்போது சகோதரனிடம் கேட்டதைச் சொல்ல மாட்டேன் என்று இருப்பது சகோதரத்துவம் ஆகாது. குடும்பத்திடமும் மருத்துவரிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

மாஸ்டர் மாறும் வாரம்

பதவியேற்புக்கு முன் பழைய மாஸ்டர், புதிய மாஸ்டர், பொறுப்பாளர் மூவரும் அரை மணி நேரம் உட்காருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படியுங்கள். யாரோடு பேசியாயிற்று, யார் இன்னும் பாக்கி என்று பாருங்கள். பதவியேற்பு விழாவுக்கு வரமுடியாதவர்களைப் புதிய மாஸ்டர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அழைத்து அறிமுகம் செய்துகொண்டால், அதற்கு ஈடாக எந்த ஏற்புரையும் இல்லை.

ஜனவரி, பிப்ரவரி

ஜனவரி 2-ஆம் தேதி விருந்தினர் போய்விடுவார்கள், விளக்குகளைக் கழற்றிவிடுவார்கள், பனி மட்டும் இருக்கும். டிசம்பரில் ஐந்து அழைப்பு வந்தவருக்கு ஜனவரியில் ஒன்றும் வராது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2023-இல் தனிமை குறித்து வெளியிட்ட அறிக்கை, சமூகத் தொடர்பற்று இருப்பதன் தீங்கு நாளொன்றுக்கு 15 சிகரெட் வரை புகைப்பதற்கு ஒப்பானது என்கிறது. அந்தத் தீங்கு ஒரு விருந்தில் தீர்ந்துவிடாது.

அதனால் முதல் சுற்றைப் போலவே ஜனவரி மூன்றாம் வாரத்தில் இரண்டாம் சுற்று வையுங்கள். இம்முறை விருந்து, பரிசு எதுவும் இல்லை, பேச்சு மட்டும். பகலில் ஒரு சனிக்கிழமை லாட்ஜ் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் வைத்து, இரவில் வர முடியாதவர்களை அழைக்கலாம். இது மாதக் கூட்டம் அல்ல என்பதால் மனைவிமாரும் வரலாம், சடங்கு எதுவும் இல்லை, செலவும் குறைவு. இதைத் தொடங்கிய லாட்ஜ்கள் நிறுத்துவதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் கூடும் லாட்ஜ்களுக்கும், 1961-இல் உருவான இந்திய கிராண்ட் லாட்ஜின் கீழ் உள்ள மற்ற தமிழக லாட்ஜ்களுக்கும் இதே முறையைத் தீபாவளி முதல் பொங்கல் வரை என்று மாற்றிக்கொள்ளலாம். அங்கே பிரச்சினை பனி அல்ல, வடகிழக்குப் பருவமழை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வெள்ளம் வரும் தெருவில் முதல் தளத்தில் தனியாக இருக்கும் பெற்றோர் எத்தனை பேர்! மருந்து ஒரு வாரத்துக்கு இருக்கிறதா, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்களா, போன் சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று மழை எச்சரிக்கை வந்த அன்றே கேட்டுவிட வேண்டும்.

பிப்ரவரியில் பட்டியலைத் திருத்துங்கள். முகவரி மாறியவர்கள், இல்லத்துக்குப் போனவர்கள், புதிதாகத் துணையை இழந்தவர்கள். மறைந்தவர்களின் நினைவு நாள்களையும் பிறந்த நாள்களையும் மாதவாரியாகக் குறித்து, செக்ரட்டரியின் காலண்டரில் சேர்த்துவிடுங்கள். பொறுப்பேற்ற ஒவ்வொருவரிடமும் தன் நான்கைந்து பெயர்களை அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். வைத்துக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னால், அந்தப் பெயர்களை யார் எடுத்துக்கொள்கிறார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.